பாடம் செய்த விலங்குகளைத் தேடிப் பன்னிரண்டு நாள்

பயணம் முடிந்து, கால்வலியும் தீர்ந்த பிறகு, குறிப்பேட்டில் அன்றன்று எழுதிவைத்தவற்றை நாள்வாரியாகச் சீர்செய்து தருகிறேன். 2023 அக்டோபரில் பன்னிரண்டு நாள், லண்டன், டிரிங், எடின்பரோ, பாரிஸ் ஆகிய ஊர்களின் அருங்காட்சியகங்களில் பாடம் செய்து, அதாவது இறந்தபின் தோலைப் பதமாக்கி உயிருள்ளதுபோல நிறுத்தி, வைத்திருக்கும் விலங்குகளைப் படமெடுப்பதற்கென்றே சென்றிருந்தேன். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1976இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் எடுத்த பனிக்கரடிப் படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்ததிலிருந்து இந்த ஆசை இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஜோடிக்கப்பட்டிருந்த அந்தக் காட்சி சட்டென்று மெய்யாகத் தோன்றியது என்று அவர் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான், கண்ணாடியும் தையலும் தெரியாமல், விலங்கு இன்னும் மூச்சு விடுவதுபோல எடுத்துவர வேண்டும் என்று கிளம்பினேன்.

அக்டோபர் 12, வியாழன் – லண்டன், சவுத் கென்சிங்டன்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலில் காலை பத்து மணிக்கே பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கேமரா முக்காலியை உள்ளே விரிக்க முடியாது என்று தெரிந்ததால் கொண்டுவரவில்லை. ஒரு கேமரா, 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்கள் இரண்டு, ஒரு போலரைசர் வடிகட்டி, லென்ஸின் முனையில் மாட்டும் ரப்பர் மூடாக்கு, ஒரு கருப்புத் துணி, இவ்வளவுதான் பையில் இருந்தன. சட்டையும் கருப்பு. வெளிர்நிற உடை அணிந்து கண்ணாடிப் பேழையின் முன் நின்றால், படத்தில் சிங்கத்தின் விலாவில் நம் சட்டைப் பொத்தான்கள் தெரியும்.

பாலூட்டிகள் கூடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. இயற்கையில் வாழும் விலங்குகளைக் காப்பதில் அக்கறை கொண்டிருப்பதால் காட்சிக்கென்று தோல்களைச் சேகரிப்பதை அருங்காட்சியகம் நிறுத்திவிட்டது, இங்கிருப்பவை பழைய சேகரிப்பைச் சேர்ந்தவை, அதனால் சில நிறம் வெளுத்தும் வயதின் அடையாளங்களோடும் காணப்படும் என்பது அதன் சாரம். உண்மையிலேயே வெளுத்துத்தான் இருந்தன. மயிரின் நிறத்தை ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. ஒரு முறை போன நிறம் திரும்புவதில்லை என்பதால்தான் இப்படிப்பட்ட கூடங்களில் விளக்கைக் குறைத்து வைக்கிறார்கள். ஃபிளாஷுக்கும் இங்கே வேலையில்லை. அது கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைப் பொட்டாக விழுந்து படத்தைக் கெடுத்துவிடும்.

முதல் இரண்டு மணி நேரம் முழுக்கக் கண்ணாடியோடு போராட்டம். போலரைசரை மாட்டினால் பிரதிபலிப்பு மறையும் என்று நம்பி வந்தவனுக்கு அதன் கணக்கு அங்கேதான் புரிந்தது. கண்ணாடிக்கு நேரெதிரே நிற்கும்போது அந்த வடிகட்டியால் பயனே இல்லை. நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை விலகிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் பிரதிபலிப்பு நன்றாக விலகுகிறது. அப்படி விலகினால் விலங்கின் முகம் நம்மை விட்டுப் போய், தோள்பட்டை மட்டும் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, வடிகட்டி வருகிற ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/30 விநாடிக்கு மேல் போகவில்லை. விலங்கு அசையாது என்பதால் அது பெரிய குறையில்லை. ஆனால் பிள்ளைகள் ஓடும்போது தரை அதிர்கிறது.

கடைசியில் ரப்பர் மூடாக்கைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து எடுத்தேன். பக்கத்திலிருந்து ஒளி புகாததால் பிரதிபலிப்பு அடியோடு போய்விட்டது. மூன்றாவது பேழையில் ஒரு காவலர் அருகில் வந்து, மிகவும் தணிந்த குரலில், "ஐயா, பிள்ளைகளின் கைரேகையைத் துடைப்பதே எங்களுக்கு முழுநேர வேலை, தயவுசெய்து ஒரு விரற்கடை தள்ளி வையுங்கள்" என்றார். கண்ணாடியில் நான் வைத்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் கருப்புத் துணியாலேயே துடைத்துக் கொடுத்தேன். அவர் அதற்கு மூன்று முறை நன்றி சொன்னார்.

பிற்பகலில் 'கை' என்ற கொரில்லாவின் முன் நின்றேன். 1947ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், கை ஃபாக்ஸ் நினைவாகப் பட்டாசு வெடிக்கும் நாளில், லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்கு வந்து சேர்ந்ததால் அதற்கு அந்தப் பெயர். 1978இல் பல் சிகிச்சையின்போது மாரடைப்பால் இறந்தது. ஆர்தர் ஹேவர்ட் என்ற கலைஞர் பாடம் செய்ய, 1982இல் காட்சிக்கு வந்தது. கூண்டுக்குள் சிட்டுக்குருவிகள் பறந்து வந்தால் அவற்றை உள்ளங்கையில் பிடித்து, உற்றுப் பார்த்துவிட்டு, நசுக்காமல் விட்டுவிடும் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கையைத்தான் எடுக்க விரும்பினேன். முப்பது படங்களுக்கு மேல் எடுத்தும், எனக்குப் பின்னால் போகிறவர்களின் உருவம் விழாத படம் ஒன்றுகூட இல்லை. எரிச்சலோடு கேமராவை அணைத்துவிட்டுச் சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸைக் கொட்டித் தந்தார்கள், 8 பவுண்டு. பசிக்கு அது நன்றாகவே இருந்தது.

அக்டோபர் 13, வெள்ளி – டிரிங்

காலையிலிருந்து கொட்டும் மழை. லண்டன் யூஸ்டனிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான், ஆனால் டிரிங் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். பேருந்தைக் கண்ணெதிரே தவறவிட்டு நடந்தே போனேன். ஒரு பெரிய கருப்புக் குடை இருந்ததால் கேமராப் பை நனையவில்லை. நான் முழங்கால் வரை நனைந்தேன்.

மழையும் குளிருமாக வந்த கேமராவைக் கதகதப்பான கூடத்தில் வெளியே எடுத்ததுதான் அன்றைய பிழை. லென்ஸ் முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. பையை மூடி வைத்து, உள்ளே இருப்பது மெல்ல அறையின் வெப்பத்துக்கு வரட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் கேமரா இல்லாமல் வெறும் கண்ணால் சுற்றிப் பார்த்தேன். இந்தப் பயணத்தில் நான் மிக நன்றாகப் பார்த்த அரை மணி நேரம் அதுதான்.

வால்டர் ராத்ஸ்சைல்டின் இருபத்தொன்றாம் பிறந்தநாள் பரிசாக 1889இல் அவருடைய தந்தை கட்டிக்கொடுத்த அருங்காட்சியகம் இது. பொதுமக்களுக்கு 1892இல் திறந்துவிட்டார்கள். வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி பக்கிங்ஹாம் அரண்மனை வரை ஓட்டிச் சென்ற மனிதர் அவர். 1937இல் இறந்தபோது சேகரிப்பை நாட்டுக்கே எழுதிவைத்துவிட்டார். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள், தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த விக்டோரியா காலத்துக் கண்ணாடிப் பேழைகளில் நெருக்கியடித்து நிற்கின்றன. நிற்க இடமில்லாத வரிக்குதிரைகளையும் மான்களையும் தட்டுகளில் கால் மடக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். புல்வெளியும் வானமும் வரைந்த பின்திரை எதுவும் கிடையாது. இவை உயிரோடு இருப்பதாக நம்மை நம்பவைக்கும் எண்ணமே இந்தக் கட்டிடத்துக்கு இல்லை.

குவாக்காவைத் தேடித்தான் முக்கியமாக வந்தேன். முன்பாதியில் மட்டும் வரியும் பின்பாதியில் வெறும் பழுப்புமாக இருந்த தென்னாப்பிரிக்க வரிக்குதிரை வகை அது. உலகின் கடைசிக் குவாக்கா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. உயிரோடு படமெடுக்கப்பட்ட குவாக்கா ஒன்றே ஒன்றுதான்: லண்டன் காட்சிச்சாலையில் இருந்த ஒரு பெண் குவாக்கா. 1863க்கும் 1870க்கும் இடையில் எடுக்கப்பட்ட ஐந்து படங்கள் இன்றும் இருக்கின்றன. அதன் பிறகு குவாக்காவைப் படமெடுத்த எல்லோரும் என்னைப்போல் தோலைத்தான் எடுத்திருக்கிறார்கள். இதை நினைத்துக்கொண்டே நின்றதில் லென்ஸ் தெளிந்துவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

எடுக்கத் தொடங்கியதும் பழைய தொல்லை. எதிர்ப்பக்கத்து விளக்கு நேராகக் குவாக்காவின் கழுத்தில் விழுந்தது. நான் இடமும் வலமும் நகர்ந்து தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர், எழுபது வயதுக்குக் குறையாத அம்மையார், "உங்கள் குடை கருப்பாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். வாசலில் சொட்டச் சொட்ட வைத்துவிட்டு வந்த குடையை அவரே போய் எடுத்து, காகிதத் துண்டுகளால் ஈரம் போகத் துடைத்து, விரித்து, என் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியிலிருந்த விளக்கு அப்படியே அணைந்ததுபோல் மறைந்தது. கழுத்து மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வயிற்றோரம் ஓடிய தையலும் தெரிந்தது. பத்து நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். கை வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, தோட்ட வேலை செய்கிற கை என்றார்.

உடை உடுத்திய தெள்ளுப்பூச்சிகளையும் அவர்தான் காட்டினார். மெக்சிகோவிலிருந்து வந்தவை, பூதக்கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியின் மேல் லென்ஸை வைத்து எடுத்த படங்கள் எதுவும் தேறவில்லை. நாய்களின் கூடத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆங்கில கிரேஹவுண்ட் டெர்பி என்ற நாய்ப் பந்தயத்தை வென்ற மிக் தி மில்லர் நிற்கிறது. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தேன்.

ஊருக்குள் ஒரு சிறிய உணவுக் கடையில் வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் சேர்த்த சூப்பு, வெண்ணெய் தடவிய ரொட்டியோடு, 6 பவுண்டு 50 பென்ஸ். கடைக்காரர் என் காலணியைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே நாற்காலியை வெப்பமூட்டியின் பக்கம் இழுத்துப் போட்டார்.

அக்டோபர் 14, சனி – லண்டன், ஹார்னிமன்

மழை விட்டு வெயில் அடித்தது, ஆனால் ஒரே நாளில் குளிர் இறங்கிவிட்டது. ஃபாரஸ்ட் ஹில் நிலையத்திலிருந்து மேடேறிப் போனால் ஹார்னிமன் அருங்காட்சியகம். அதன் இயற்கை வரலாற்றுக் கூடத்தின் நடுவில், செயற்கைப் பனிப்பாறையின் மேல், ஒரு வால்ரஸ் உட்கார்ந்திருக்கிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் பிடித்து, 1886இல் லண்டனில் நடந்த காலனி, இந்தியக் கண்காட்சியில் வைத்திருந்தது. வால்ரஸின் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் என்பது பாடம் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. உயிருள்ள வால்ரஸை அன்று லண்டனில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? தோல் இருக்கிற வரைக்கும் திணித்திருக்கிறார்கள். இன்று அது ஒரு சுருக்கமும் இல்லாமல், ஊதிய பை போல, இறுகிப் பளபளக்கிறது.

வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்தறியாத ஒரு விலங்கின் உடலை, உப்பிட்டு வந்த ஒரு தோலை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னால் இயன்ற அளவு திருத்தமாக மீட்டுத்தர முயன்ற ஒரு கைவினைஞரின் உழைப்பு அதில் இருக்கிறது. அவர் செய்த தவறு இத்தனை ஆண்டுகளாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே நிற்கிறது.

இங்கே கண்ணாடி இல்லை. தடுப்புக்கு வெளியே நின்று வேண்டிய கோணத்தில் எடுக்கலாம். இரண்டு நாள் கண்ணாடியோடு மல்லுக்கட்டியவனுக்கு இது விடுதலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் தந்தமும் மீசையும் தெளிவாகக் கிடைத்தன, படம்தான் கிடைக்கவில்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாயிடம், "இது யாருக்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்டாள். தாய் பதில் சொல்லத் திணறினார். நான் சற்றுப் பின்னால் போய், அந்தச் சிறுமியின் தலை கீழ்விளிம்பில் வரும்படி வால்ரஸை எடுத்தேன். அவளுடைய முகம் தெரியாத அந்தப் படத்தைத் தாயிடம் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொண்டேன். அன்று தேறியது அது ஒன்றுதான்.

அக்டோபர் 15, 16 – லண்டன், விடுதி அறை

இரண்டு நாளும் படங்களைப் பிரிப்பதிலேயே போயின. மூன்று நாளில் 1,140 படங்கள். ரப்பர் மூடாக்கை ஒட்டி, பிரதிபலிப்பே இல்லாமல் எடுத்தவை எல்லாம் திரையில் பெரிதாகப் பார்த்தபோது உயிருள்ள விலங்கை மோசமாக எடுத்த படங்களைப்போல இருந்தன. கண் மட்டும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கண்ணாடி விழியில் கூரை விளக்கின் சதுர உருவம் கூர்மையாக விழுந்திருக்கும். அதைச் சுற்றியிருக்கும் இமை காய்ந்து, வண்ணம் பூசிய விளிம்பு வெடித்திருக்கும்.

டிரிங்கில் அம்மையார் குடையைக் கொஞ்சம் தாழ்த்தியபோது தவறுதலாக எடுபட்ட ஒரு படம் இருந்தது. குவாக்காவின் கழுத்து வரிகளுக்கு நடுவே குடைக்கம்பியைப் பிடித்த ஒரு கை மங்கலாகத் தெரிகிறது. நீக்கப் போன விரலை நிறுத்திவிட்டு அதையே வெகுநேரம் பார்த்திருந்தேன். 'கை' கொரில்லாவின் படங்களையும் மறுபடி திறந்தேன். பின்னால் போகிறவர்களின் உருவங்கள் அதன் மார்பின் மேல் படிந்திருந்த படங்கள், நான் எரிச்சல்பட்டு ஒதுக்கியவை, மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன. உயிரோடு இருந்த முப்பது ஆண்டும் அது கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து மனிதர்கள் கடந்துபோவதைத்தான் பார்த்தது. கண்ணாடியை இல்லாததாக்கி எடுத்தபோது அந்தச் செய்தியையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

போலரைசரைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, புதன் – எடின்பரோ

நேற்றே வந்து சேர்ந்தேன். பாபெட் என்று பெயரிட்ட புயல் வருகிறது என்று விடுதி வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். காற்று காதுக்குள் புகுந்து வலித்தது.

ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் டாலி ஆடு இருக்கிறது. வளர்ந்த விலங்கின் உயிரணுவிலிருந்து படியாக்கம் செய்யப்பட்ட முதல் பாலூட்டி. 1996 ஜூலை 5 அன்று பிறந்து, நுரையீரல் நோய் முற்றியதால் 2003 பிப்ரவரி 14 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. நான்கு பக்கமும் கண்ணாடி, காலடியில் வைக்கோல். இவ்வளவு புகழ்பெற்ற ஆடு, பார்ப்பதற்கு எல்லா ஆட்டையும்போலத்தான் இருக்கிறது. பேழையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களின் முகம் ஆட்டின் முதுகுக்கு மேல் தெரிகிறது, என் முகமும் அவர்களோடு கலந்து விழுகிறது. ஒரு முதியவர் தன் கைப்பேசியில் ஆட்டோடு தன்னையும் சேர்த்து எடுக்க முயன்று முடியாமல், என்னிடம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துத் தந்ததும், தான் ஆடு வளர்ப்பவர் என்றும், இதன் கம்பளியைத் தொட்டுப் பார்க்காமல் வயதைச் சொல்ல முடியாது என்றும் வருத்தத்தோடு சொன்னார். பிறகு தொப்பியைத் தொட்டு விடைபெற்றுக்கொண்டார்.

இங்கே விளக்குகளால் ஒரு சிறு தொல்லை. சில படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்திருந்தன. இந்த நாடுகளின் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று என்பதால், சில விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. ஷட்டரை 1/50க்கோ 1/100க்கோ வைத்தால் பட்டை மறைந்துவிடுகிறது.

அருங்காட்சியகத்தை ஒட்டியே லோதியன் தெரு இருக்கிறது. இந்தத் தெருவில் குடியிருந்தவர் ஜான் எட்மன்ஸ்டன். கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பறவைகளைப் பாடம் செய்யும் கலையை அங்கேயே சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரிடம் கற்றவர். 1826இல் மருத்துவ மாணவராக இருந்த சார்லஸ் டார்வினுக்கு அவர்தான் இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். பீகிள் கப்பலில் போனபோது தீவுகளில் சேகரித்த பறவைகளைக் கெடாமல் கொண்டுவர டார்வினுக்கு இந்தப் பயிற்சி கைகொடுத்தது. எட்மன்ஸ்டனின் முகம் எப்படியிருந்தது என்பதற்கு உறுதியான படம் ஒன்றுமில்லை. நான் அந்தத் தெருவின் ஈரக் கல்தரையை இரண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

தோலைப் பதமாக்குவதையும் 'பாடம்' என்கிறோம், பள்ளியில் படிப்பதையும் 'பாடம்' என்கிறோம். எட்மன்ஸ்டன் சொல்லிக்கொடுத்த பாடத்தை நினைத்தபோது இந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு மனநிறைவாக இருந்தது.

இரவு ஓட்ஸும் பருப்பும் சேர்த்துச் செய்த சைவ ஹாகிஸ், மசித்த நூக்கோலோடு, 13 பவுண்டு. மிளகு தூக்கலாக இருந்தது. அந்தக் குளிருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அக்டோபர் 20, வெள்ளி – ரயிலில்

புயல் மழையால் தண்டவாளத்தில் வெள்ளம் என்று, லண்டன் திரும்பும் ரயில் வயல்வெளி நடுவே இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டது. உணவு வண்டியில் இருந்ததெல்லாம் தீர்ந்து, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி மட்டும் கொடுத்தார்கள். அறிவிப்பு ஒன்றுக்கொன்று முரணாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த செவிலியர் ஒருவர் தன் பையிலிருந்த இரண்டு ஆப்பிளில் ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, என் கேமரா திரையைப் பார்த்து, இந்த விலங்குகள் நஞ்சு என்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகர மருந்தாளர் ழான்-பத்தீஸ்த் பெக்கர் ஆர்சனிக் கலந்த ஒரு சோப்பைக் கண்டுபிடித்தார். பூச்சி அரிக்காமல் காக்க அதைத் தோலின் உட்புறம் பூசினார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் அது வழக்கத்தில் இருந்தது. பழைய பாடங்கள் இன்றுவரை அழியாமல் நிற்பதும், அவற்றைத் தொடக்கூடாது என்பதும் இந்த ஒரே காரணத்தால்தான். லண்டன் வந்து சேர நள்ளிரவாகிவிட்டது.

அக்டோபர் 22, ஞாயிறு – பாரிஸ், மாரே

வேட்டை, இயற்கை அருங்காட்சியகம். பழைய மாளிகையின் அறைகளில், ஓவியங்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவே விலங்குகள் வீட்டுக்காரர்களைப்போல நிற்கின்றன. இரண்டு காலில் எழுந்து நிற்கும் பனிக்கரடியைவிட, பட்டு நாற்காலியில் சுருண்டு தூங்கும் நரிதான் என்னை நிறுத்தியது. கண் மூடியிருப்பதால் கண்ணாடி விழி என்ற காட்டிக்கொடுப்பு அதற்கு இல்லை. நான் பயணம் தொடங்கியபோது தேடிய 'உயிருள்ள' படம் கிடைத்தே விட்டது. எடுத்தேன், நன்றாகவும் வந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்தது. தெருமுனையில் வாங்கிய பாலாடைக்கட்டி ரொட்டி 5 யூரோ. கடைக்காரப் பெண்மணி, நான் 'போன்ஷூர்' சொல்லாமல் நேரே விலை கேட்டதும், தானே 'போன்ஷூர்' என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். சொன்ன பிறகுதான் விலையைச் சொன்னார். அது எனக்குச் சரியாகவே பட்டது.

அக்டோபர் 23, திங்கள் – பாரிஸ், ஜார்தான் தே பிளாந்த்

ஜார்தான் தே பிளாந்த் ஒரு தாவரவியல் தோட்டம். அதிலுள்ள அருங்காட்சியகக் கூடங்கள் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் இன்றே முடிக்க வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை வேறு. பை சோதனைக்கே முக்கால் மணி நேரம் நின்றேன்.

பரிணாமப் பெருங்கூடம் 1889இல் விலங்கியல் கூடமாகத் திறக்கப்பட்டு, பழுதடைந்து 1960களின் நடுவில் மூடப்பட்டு, 1994இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. நடுக்கூடத்தில் யானை முன்னே செல்ல, ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் எருமையும் ஒரே திசையில் நடந்துபோகின்றன. கண்ணாடி இல்லை. மேலே கூரையின் ஒளி மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டேயிருக்கிறது. இப்போது எடுத்த யானை நீலம், சற்றுக் கழித்து எடுத்த யானை பொன்னிறம். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் திருத்தித் திருத்தி அலுத்து, கடைசியில் அந்த நிறத்தையே ஏற்றுக்கொண்டேன்.

அழிந்துபோன விலங்குகளின் அறை அப்படியில்லை. பழைய மரப்பேழைகள், மிகக் குறைந்த வெளிச்சம். உள்ளே நுழைந்தவர்கள் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாய்லாந்தின் ஷோம்புர்க் மானின் முழு உருவம் உலகில் இங்கே ஒன்றுதான் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 12800, ஷட்டர் 1/15, தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுத்தேன். கண்ணாடியில் என் உருவம் கொம்புகளுக்கு நடுவே விழுந்தது. விலகவில்லை. அங்கேயே நின்று, தெரியட்டும் என்று எடுத்தேன். எந்த விலங்கு முன்னால் நிற்கிறது, எந்த விலங்கு பின்னால் நிற்கிறது என்பது அந்தப் படத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

பதினைந்தாம் லூயி மன்னனின் காண்டாமிருகத்தைப் பார்க்காமல் போக முடியுமா? வங்கத்தின் சந்தன்நகரிலிருந்து கப்பலேறி 1770இல் வெர்சாய் அரண்மனைக்கு வந்து, இருபத்து மூன்று ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, புரட்சிக் காலத்தில் 1793இல் வாள்வெட்டில் இறந்தது. இவ்வளவு பெரிய விலங்கை அதுவரை அதிகம் யாரும் பாடம் செய்ததில்லை. தோல் வெடித்திருக்கிறது, தையல்கள் கயிறுபோலத் தடித்திருக்கின்றன. வங்கத்துச் சேற்றில் புரண்ட தோல், ஐரோப்பிய அரண்மனையின் தோட்டத்தைப் பார்த்து, இன்று ஒளி மங்கிய இந்தக் கூடத்தில் நிற்கிறது. முழு உருவத்தை எடுக்காமல் தையல்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தேன். நாற்பது நிமிடம் அதற்கே போயிற்று.

இதே விலங்கின் எலும்புக்கூடு, தோட்டத்தின் மறுமுனையில், ஒப்பீட்டு உடற்கூறியல் கூடத்தில் இருக்கிறது. மழைத் தூறலில் அங்கேயும் ஓடினேன். நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் அணிவகுப்பில் அதைக் கண்டுபிடிக்கக் கூட ஊழியர் ஒருவர்தான் உதவினார். ஆங்கிலம் தெரியாதவர், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டுப் போனார். தோல் அங்கே, எலும்பு இங்கே, நடுவில் மரங்கள் சூழ்ந்த நீண்ட நடைபாதை. அந்த நடைபாதையையும் எடுத்துக்கொண்டேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட எண்ணியிருக்கிறேன்.

கால் இனி நடக்காது என்ற நிலையில், தோட்டத்துக்கு எதிரே இருக்கும் பெரிய மசூதியின் தேநீர் முற்றத்தில் உட்கார்ந்தேன். புதினாத் தேநீர் சிறிய கண்ணாடிக் குவளையில் கொதிக்கக் கொதிக்க வந்தது. தேனில் ஊறிய பாதாம் பலகாரம் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். அந்த முற்றத்தில் சிட்டுக்குருவிகள் அச்சமில்லாமல் மேசை மேசையாகத் தாவுகின்றன. ஒன்று என் தட்டின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கேமராவை எடுத்து அழுத்திவிட்டேன். மான் இருந்த இருட்டறைக்கென்று வைத்த 1/15ஐ மாற்றியிருக்கவில்லை. படத்தில் குவளையும் மேசையும் பலகாரத் துணுக்கும் அளவுக்கு மீறி வெளிறித் தெரிகின்றன. குருவி இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல் இருக்கிறது. ஷட்டரைச் சரிசெய்து முடிப்பதற்குள் அது அடுத்த மேசைக்குப் போய், அங்கிருந்த முதியவரின் பலகாரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.